இரண்டாம் வேற்றுமை

அந்த ஒற்றை எழுத்து இருந்ததா இல்லையா என்பதுதான் வள்ளிநாயகிக்குப் பிடிபடவில்லை.

ஹெட்ஃபோனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். வெளியே பீச் ஸ்ட்ரீட்டில் மதியத்து மழை ஓட்டுக்கூரைகளில் இரைந்து, கீழ்க்கடையில் அடுக்கியிருந்த கப்பல் கயிற்றின் தார் வாசனையையும் ஈரச் சாக்கின் வாசனையையும் மரப்படி வழியாக மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தலைக்குமேல் மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது. இத்தனைக்கும் அடியில், காதுக்குள், ஒரு பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சினாள், எச்சில் விழுங்கினாள், பிறகு சொன்னாள்.

"பத்மாவ..." ஒரு மூச்சு. "...கூப்பிட்டுச்சு."

மறுபடி ஓட்டினாள். அந்த மூச்சுக்குள் ஒரு 'தி' விழுங்கப்பட்டிருந்தால், பத்மாவதி கூப்பிட்டுச்சு. பத்மாவதி என்கிற பெண் கூப்பிட்டிருக்கிறாள். 'தி' இல்லையென்றால், பத்மாவைக் கூப்பிட்டுச்சு. யாரோ பத்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது நம் ஆட்களின் பேச்சில் வழக்கம்தானே. தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டி, இரண்டாம் வேற்றுமை உருபு ஐ, ஐ, ஐ என்று ஓதியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது தப்பினால் ஒரு மார்க் போகும்.

பத்மாவதி அவளுடைய மகள்.

"என்ன பிள்ளை, ஒரே இடத்தையே தேய்ச்சிக்கிட்டு இருக்கிறீங்கள்?" என்றார் கனகசுந்தரம், எதிர்மேசையிலிருந்து. அரசாங்கப் புள்ளிவிவர இலாகாவில் காலம் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் இந்த மாடியை வாடகைக்கு எடுத்து ஆய்வு நிறுவனம் என்று பலகை மாட்டியிருப்பவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வேட்டியில் வராத குறைதான். நெற்றியில் திருநீறு அழியாது.

"சரியா கேக்கல சார்."

"கேக்காட்டி எது பொருத்தமோ அதப் போடுங்கோ. கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் எண்டா என்னெண்டு தெரியாது. இங்கயிருந்து அங்க, இல்லாட்டி அங்கயிருந்து இங்க. நடுவுல தொங்குற அம்பு கிடையாது லா."

வேலை அப்படிப்பட்டதுதான். புக்கிட் தெங்காவில் மின்சார சுவிட்ச் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே பூதக்கண்ணாடி வைத்துக் கம்பி ஒட்டும் ஹாலில், பெண்பிள்ளைகள் வேலைக்கு நடுவே அலறி விழுந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி விழுவாள், பக்கத்தில் இருப்பவள் விழுவாள், வரிசையே சாயும். நிர்வாகம் ஒரு பொமோவை, மலாய் மந்திரவாதியை, கூட்டிவந்து ஆடு அறுத்தது. நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் கனகசுந்தரத்திடம் படம் கேட்டார்கள். யார் தொடங்கி வைக்கிறாள் என்று தெரிய வேண்டும், தெரிந்தால் அவளை அனுப்பிவிடலாம், அவ்வளவுதான் அவர்களுக்கு.

விழுந்த பிள்ளைகளை அந்தத் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி சித்தி ஹாஜரா ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். விழுவதற்கு முன்னால் எல்லோருக்குமே ஒரு கூப்பிடும் குரல் கேட்டிருக்கிறது. ஆகவே கணினியில் இரண்டு பத்தி. முதல் பத்தியில் கூப்பிட்டவள், இரண்டாம் பத்தியில் கூப்பிடப்பட்டவள். மென்பொருள் ஒவ்வொருத்தியையும் ஒரு வட்டமாக்கும். கூப்பிட்டவளிடமிருந்து கூப்பிடப்பட்டவளுக்கு ஒரு அம்பு போடும். எந்த வட்டத்திலிருந்து அம்புகள் கிளம்புகின்றனவோ அவள்தான் ஆள்.

அந்த வரிசையில் பாதிக்குமேல் தமிழ் பேசும் பிள்ளைகள். வள்ளிநாயகி கேட்ட ஒவ்வொரு கேசட்டிலும் ஹாஜராவின் குரல் ஒரே கேள்வியைக் கேட்டது: "யாரு கூப்பிட்டா?" பதிலும் ஒன்றேதான். அதே இழுப்பு, அதே மூச்சு. "பத்மாவ... கூப்பிட்டுச்சு." யார் என்று கேட்டால் பேரைத்தானே சொல்வார்கள். அப்படி நினைத்துத்தான் முதல் சிலவற்றில் 'பத்மாவதி' என்று முதல் பத்தியில் அடித்திருந்தாள். வேறு யாரோ ஒரு பத்மாவதி என்று மனசைத் தேற்றிக்கொண்டு அடித்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ பிள்ளை சொன்னாள்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பிரெஸ் ரூம்ல இருக்குமே, உயரமா, அந்தப் பத்மாவ..."

பத்மா பிரெஸ் ரூமில்தான் தகடு வெட்டுகிறாள். மாலையில் வீட்டுக்கு வந்து இயந்திர இரைச்சலுக்கு அடைத்த மஞ்சள் பஞ்சைக் காதிலிருந்து பிடுங்கிச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். சொன்னால் கேட்கமாட்டாள்.

கனகசுந்தரத்துக்கு அது தெரியாது. ஹாஜராவுக்கும் தெரியாது. மகளின் பெயருக்குப் பின்னால் செத்துப்போன தகப்பனின் பெயர்தான் ஒட்டியிருக்கும். தாயின் பெயர் எந்தத் தாளிலும் வராது.

மகளுக்கு வேலை போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். பயம் அதற்கில்லை. இதேபோல் இன்னொரு தொழிற்சாலையில் பேர் அடிபட்ட ஒரு பெண்ணை, திரும்பி வரும் பேருந்திலேயே மற்றவர்கள் பிடித்து அழுத்தி, தலைமயிரை அடியோடு கத்தரித்து, வாயில் எச்சில் துப்பி இறக்கிவிட்டார்கள். பத்மாதான் வந்து சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். "பாவம்மா, ஆனா அது மூஞ்சியப் பாக்கணுமே."

மழை விட்டிருந்தது. கனகசுந்தரம் கீழே காப்பி குடிக்கப் போயிருந்தார்.

வள்ளிநாயகி பத்மாவதி என்று வந்த வரிகளை மட்டும் எடுத்தாள். முதல் பத்தியை இரண்டாவதாக்கினாள். இரண்டாவதை முதலாவதாக்கினாள். பத்மாவதி அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் பத்மாவதியைக் கூப்பிட்டார்கள். ஒரு ஐ. அவ்வளவுதானே.

படம் வரையும் கருவி ஜன்னலோரம் இருந்தது. தாளை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே, ஒரு சின்னப் பேனாவைக் குறுக்கே ஓட்டும். பேனா இறங்கும், கீறும், எழும்பும். வட்டங்களை முதலில் போட்டது. பிறகு அம்புகள். ஒவ்வொரு கோடும் தாளின் ஓரத்திலிருந்து கிளம்பி நடுவிலிருந்த ஒரு வட்டத்துக்குப் போய், அங்கே கோழி கொத்துவதுபோல இரண்டு கொத்து கொத்தி அம்பின் தலையைப் போட்டுவிட்டுத் திரும்பியது. மறுபடி ஓரம். மறுபடி நடு. கீறல், கொத்து கொத்து. ஈர மையின் புளித்த வாசனை. அத்தனை அம்பும் ஒரே இடத்தில் வந்து குத்தியதில் தாள் ஊறி, நூலாகி, கடைசியில் பத்மாவதியின் வட்டம் இருந்த இடத்தில் கிழிந்து ஒரு பொத்தல் விழுந்தது. பேனா அதற்குப் பிறகும் அந்தப் பொத்தலுக்குள் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தது.

கனகசுந்தரம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அட. இந்தப் பிள்ளையத்தான் எல்லாரும் கூப்பிடுறாளவை. பயம் வந்தா இவளத்தான் தேடுறாளவை, விளங்குதா? இது நோய் இல்ல, தலைமை."

"அப்ப தொடங்குறது யாரு சார்?"

அவர் விரலால் தேடினார். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பயத்தில் கூப்பிட்ட சில அம்புகள் ஓரத்தில் மிஞ்சியிருந்தன. அவற்றில் மூன்று ஒரே வட்டத்திலிருந்து கிளம்பின.

"ரொஸ்னா. இவதான்."

வள்ளிநாயகிக்கு ரொஸ்னாவின் கேசட் நினைவிருந்தது. தக்கலைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம் போல, அழகான தமிழ். பேச்சு முழுக்க, எங்க வாப்பாகிட்ட சொல்லிராதீங்க என்று கெஞ்சிக்கொண்டே இருந்த பிள்ளை.

"சரியா இருக்குங்களா சார்?" என்றாள்.

"படம் பொய் சொல்லாது பிள்ளை."

அடுத்த வாரம் பத்மா ஒரு டப்பா நிறைய கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். ரைஃபிள் ரேஞ்சு அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில், அவர்கள் இருவருக்கும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்.

"அம்மா, என்னை ஹாலுக்கு மாத்திட்டாங்க. லைன் லீடர். ஏர்கோன் ஹாலு, சேர் கூட சுத்தும்."

"அந்தப் புள்ளைங்க விழற ஹாலா?"

"அதுக்குத்தான் என்னைப் போட்டிருக்காங்க. என்னைப் பாத்தா அதுங்களுக்குத் தைரியம் வருதாம். நான் அந்தத் தமிழ்ப் புள்ளைங்க ஒருத்திகிட்டயும் பேசினதே இல்ல, தெரியுமா? யாரு கண்டுபிடிச்சான்னு தெரியல." கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "காதுல பஞ்சு வேணாம் இனிமே. அங்க ஒரு சத்தம் கிடையாது. மூச்சு விட்டா கேக்குது."

"ரொஸ்னான்னு ஒருத்தி..."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொல்லியிருப்பே."

"அவள அனுப்பிட்டாங்க. பேரு வெளிய வந்திருச்சு. பஸ்ஸுல ஒருத்தியும் பக்கத்துல உக்காரல. இறங்குறப்ப யாரோ முதுகுல வெந்நீர் ஊத்திட்டாளுங்க, பிளாஸ்க்குல இருந்து. கத்துனா பாரு." பத்மா கொஞ்சநேரம் மென்றாள். "நல்லவேளை, நம்ம பேரு வரல."

வள்ளிநாயகி மகளின் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள். ஆறுதலாகக்கூட இருந்தது. யாரோ பெற்ற பிள்ளைதானே.

அப்புறம் சில நாட்கள் ஒன்றுமில்லை. ஹாலில் ஒருத்தியும் விழவில்லை என்று ஹாஜரா தொலைபேசியில் சொன்னாள். கனகசுந்தரம் படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பத்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு ஃபேக்டரி பக்கம் வந்தியாம்மா?"

"நான் எதுக்கு அங்க வர்றேன்?"

"சும்மா கேட்டேன்."

"ஏன்?"

"ஒண்ணுமில்லை லா. சும்மாதான்." செருப்பைக் கழற்றினாள். ஆனால் சமையல் மூலையை ஒருதரம் எட்டிப் பார்த்தாள், அம்மா கண்முன்னால் நிற்கும்போதே.

மறுநாள் மதியம் ஹாஜராவிடமிருந்து ஒரு கேசட் வந்தது. காமாரியா என்கிற பிள்ளை. அந்த வரிசையில் விழுந்தவர்களில் இவள் ஒருத்திதான் மலாய்ப் பெண். விழுந்தபின் கெடாவில் தன் கம்போங்குக்கு, சொந்தக் கிராமத்துக்கு, போய்விட்டு இப்போதுதான் திரும்பினாள். "வேலை முடிஞ்சதுதான் அக்கா, இருந்தாலும் கணக்குக்கு இருக்கட்டும்," என்று ஹாஜரா துண்டுத்தாளில் எழுதியிருந்தாள்.

காமாரியாவை வள்ளிநாயகிக்குத் தெரியும். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, முறுக்கை உடைத்து உடைத்துத் தின்று, "ஸெடாப் மாக்சிக்", ருசியா இருக்கு அத்தை, என்று சொல்லிச் சிரித்த பிள்ளை.

ஹெட்ஃபோனை மாட்டினாள்.

மலாயில் ஐ கிடையாது. அதில் விழுங்குவதற்கு எழுத்தும் இல்லை. முன்னால் நிற்பவர் கூப்பிடுகிறவர், பின்னால் நிற்பவர் கூப்பிடப்படுகிறவர். குழந்தைக்குக்கூடக் குழப்பம் வராது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக, யாருக்கோ பாடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மாக் டியா பங்கில் பத்மா."

அவளுடைய அம்மா பத்மாவைக் கூப்பிடுகிறார்.

மின்விசிறி கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது.

பத்மாவின் அம்மா என்று எப்படித் தெரியும், என்று ஹாஜரா மலாயில் கேட்டாள். குரல் தெரியும், என்றாள் காமாரியா. அவங்க வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. எங்களை இல்லை, பத்மாவை. காற்றுக் குழாய்க்குள்ளிருந்து வந்து, எங்கள் கழுத்துக்குப் பின்னால் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடும். பத்மா காதில் பஞ்சு. கேட்காது. கேட்காததால் கோபம் வரும். கோபம் வந்தால் நாங்கள் விழுவோம்.

என்ன சொல்லிக் கூப்பிடும், என்று ஹாஜரா கேட்டாள்.

எனக்கு அர்த்தம் தெரியாது, என்றாள் காமாரியா. பிறகு தொண்டையைச் செருமினாள். வள்ளிநாயகி செருமுவதைப்போலவே, இரண்டு தரம். அர்த்தம் தெரியாத தமிழை, கிளிப்பிள்ளைபோல, ஒரு எழுத்தும் விடாமல், வள்ளிநாயகி தினமும் இழுக்கும் அதே இழுப்பில் சொன்னாள்.

"பத்தும்மா. வாம்மா. சோறு ஆறுது பாரு."

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள். கழற்றியபின்னும் கொஞ்சநேரம் காதில் இருந்தது.

அந்தப் பிள்ளைகள் எல்லோருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 'தி' எங்கேயும் இல்லை. பத்மாவைக் கூப்பிட்டுச்சு. அவள் பொய் என்று நினைத்துத் திருப்பிப் போட்ட அம்புகளின் தலைகள் அத்தனையும் உண்மை. வால்கள்தான் பொய். எல்லா வாலும் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டியவை, அந்த இடத்துக்குப் படத்தில் வட்டமே இல்லை.

திருப்பாமல் விட்டிருந்தால் மகளை விரட்டியிருப்பார்கள். மயிரை வெட்டியிருப்பார்கள். பிள்ளை அழுதுகொண்டு வீட்டில் கிடந்திருக்கும். இரைச்சலுக்குள் பத்திரமாக இருந்தவளைத் தூக்கி, பஞ்சைப் பிடுங்கி, மூச்சு விட்டால் கேட்கும் இடத்தில் உட்காரவைத்தது யார்?

தொலைபேசியைச் சுழற்றினாள். ஹாஜராதான் எடுத்தாள்.

"அக்கா, கேட்டீங்களா? மலாய்க்காரப் புள்ள தமிழ் பேசுது பாத்தீங்களா, எனக்கு..."

"பத்மாவதிய ஹாலுக்கு வெளிய அனுப்புங்க."

"ஏன் அக்கா?"

"நான் அவ அம்மா."

குரல் இறங்கி, "அது எப்படிக்கா," என்றாள் ஹாஜரா. "இப்பத்தான் நீங்க கூப்பிட்டு, பத்மா பதில் சொல்லிச்சு. நான் ஹாலுல நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க இங்கதான இருக்கீங்க?"

குடையை எடுக்கவில்லை. கனகசுந்தரம் ஏதோ கேட்டார். படி. தெரு. வெல்ட் கீ படகுத்துறை. ஃபெரியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, பட்டர்வொர்த்தில் பேருந்துக்கு, எல்லாம் நின்றுகொண்டே போனாள். பேருந்தின் இரைச்சல் அவளுக்கு நல்லதாகப் பட்டது. இரைச்சல் இருக்கட்டும். இரைச்சல் நிற்கவே வேண்டாம்.

தொழிற்சாலை வாசலில், காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில், பத்மா நின்றிருந்தாள். முழுசாக. கையில் பை, மயிர் கலையாமல், சட்டையில் புதுப் பதவியின் சிவப்புப் பட்டி.

"என்னம்மா இது. ஹாஜரா அக்கா பையைக் கையில குடுத்து வெளிய போன்னுட்டாங்க. அழறாங்க வேற. யாரு செத்தா?"

"யாரும் சாகல. வா."

"ஷிப்ட் இன்னும் முடியல."

"வான்னா வா."

மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக இருந்தது, நாடி துடித்தது. அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டே பேருந்தில் வந்தாள், பட்டர்வொர்த்தில் மேம்பாலத்துப் படிகளை ஏறினாள், ஃபெரியின் மேல்தட்டில் நடுப்பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்மா திட்டிக்கொண்டே வந்தாள், பிறகு கேலி செய்தாள், பிறகு அலுத்துப்போய்த் தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெயில் தணிந்து கடல் ஈயம் மாதிரி கிடந்தது. கீழ்த்தட்டில் கார்கள் ஒன்றோடொன்று உரசாமல் அடைந்து நின்றன. டீசல் வாசனை மரப்பெஞ்சு வரைக்கும் ஏறிவந்தது. எஞ்சின் காலடியில் அதிர்ந்தது. பக்கத்தில் காய்கறிக் கூடையுடன் ஒரு தமிழ்ப் பெண். எதிரில் சீனக் கிழவி ஒருத்தி, மடியில் வாத்து. பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். அதிர்வு பற்களில் தெரிந்தது. நல்ல இரைச்சல்.

"பத்மா. ஹாலுல உன்ன யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"நீதான் கூப்பிடுறே."

"நான் வரலன்னு சொன்னேன்ல."

"தெரியும். திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. ஹாலுக்குப் போனதுல இருந்து தினம் கூப்பிடுறே. முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பாவமா இருந்துச்சு." தோளிலிருந்து தலையை எடுக்காமல் பேசினாள். "அழற மாதிரி கூப்பிட்டா எப்படிம்மா சும்மா இருக்கிறது? அதான் இன்னிக்குப் பதில் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"இரும்மா, வர்றேன்னு சொன்னேன்."

தீவின் கரை நெருங்கியது. படகுத்துறையின் தூண்கள், பாசி, அதற்குப் பின்னால் கடிகாரக் கோபுரத்தின் தலை. இன்னும் கொஞ்சம்தான். இறங்கினால் தெரு, ஹார்ன், பஸ், ஆயிரம் சத்தம்.

எஞ்சின் நின்றது.

கரையில் முட்டுவதற்கு முன்னால் எப்போதும் நிறுத்துவார்கள். ஃபெரி தானாக மிதந்துபோகும் அந்தக் கொஞ்ச நேரம். தண்ணீர் பக்கவாட்டில் நக்குகிற ஓசை. வாத்து ஒருதரம் அசைந்தது.

காய்கறிக் கூடைக்காரி கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துத் தேய்த்தாள். திரும்பினாள். பத்மாவைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது. கூடையோடு பக்கவாட்டில் சரிந்தாள். தக்காளிகள் உருண்டன.

பள்ளிப்பிள்ளைகளில் ஒருத்தி. அவளைத் தொட்டுக்கொண்டே மற்றவள்.

சீனக் கிழவி கண்ணை மூடாமலே மடங்கினாள்.

யாரும் அலறவில்லை. விழுந்த முகங்கள் அத்தனையும் பத்மாவின் பக்கம் திரும்பியிருந்தன. பெஞ்சு பெஞ்சாக.

வள்ளிநாயகிக்கு இப்போதுதான் கேட்டது. கீழ்த்தட்டுக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டின் இருட்டிலிருந்து. இரண்டு தரம் செருமல்.

"பத்தும்மா."

அவள் குரல். அவளுடையதைவிட நல்ல குரல். இந்த வயதின் கரகரப்பு இல்லாத, பிள்ளை சின்னதாக இருந்தபோது இருந்த குரல்.

பத்மா தலையை நிமிர்த்தினாள். முகம் மலர்ந்தது. எழுந்தாள். வள்ளிநாயகி மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள்.

பத்மா குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். தெரியாத ஒரு வயசான பெண்ணிடம் எவ்வளவு மரியாதையாகப் பேச வேண்டுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

"விடுங்க ஆன்ட்டி. எங்கம்மா கூப்பிடுறாங்க."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வலிக்காமல் பிரித்தாள். விழுந்து கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி, யாரையும் மிதித்துவிடாமல், படிக்கட்டுக்குப் போனாள். முதல் படி. அடுத்தது. இடுப்புவரை இருட்டு. தோள்வரை.

கூப்பிட வேண்டும். ஒருதரம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, பெற்றவளாகக் கூப்பிட வேண்டும். வள்ளிநாயகி வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. தொண்டையில் எழுத்து ஒன்றுகூட இல்லை.

கீழேயிருந்து, அவளுடைய குரல், சிரித்துக்கொண்டே, "வாம்மா," என்றது.